விசாரித்த வரையில்

ஞானசௌந்தரி அக்கா எழுதிய புத்தகம் இன்னும் வெளிவரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் முழுக் கதையையும் சொல்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாவம், கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களோடு நான் அதற்குப் பிறகு பேசுவதில்லை.

நாங்கள் இருவரும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறோம். அக்காவுக்கு அட்மிஷன், டி.சி. வேலை. எனக்குச் சம்பளப் பட்டியல். எதிரெதிர் மேசை. அக்காவின் வீடு மாடம்பாக்கத்தில், சிவன் கோயில் குளத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். கணவர் தனசிங் இறந்து பல வருடமாகிறது. மகள் ஹெப்சி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அக்கா சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் இருவரில் கோபப்படுகிற வேலை என்னுடையது.

தனசிங் குடிகாரர். குடித்தால் கை நீட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான். அவரை அறிந்த எல்லோருக்கும் அது தெரியும். தெரியாமல் போனது குன்றத்தூரில் வாத்தியாராக இருந்த அக்காவின் அப்பாவுக்கு மட்டும்தான். அவர் ஒழுங்காகத்தான் விசாரித்தார். மாப்பிள்ளையின் ஆபீஸுக்குப் போனார், குடியிருந்த வீட்டுக்குப் போனார், அவர் போய்வந்த கிறிஸ்தவ சபைக்குப் போனார். சபையில் அப்போது வாலிபர் சங்கத் தலைவராக இருந்தவர் எலியேசர். தனசிங்கோடு ஒரே பாடகர் குழுவில் பாடியவர். தெருவில் விழுந்து கிடந்த தனசிங்கைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டவரும் அவர்தான். அந்த எலியேசர், "விசாரிச்ச வரைக்கும் நல்ல பையன் சார்" என்று சொல்லி, காபியும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். அந்தக் காபியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவுக்குப் பதினோரு வருடம் அந்த வீட்டில் போயிற்று. என்ன நடந்தது என்பதை அவர் சொல்லமாட்டார், நானும் கேட்டதில்லை. தனசிங் போன பிறகு அவர் ஒரு காரியத்தில் இறங்கினார். சபையில் யார் வீட்டுப் பெண்ணுக்காவது வரன் வந்தால், கூப்பிட்டால் விசாரிக்கக் கூடப் போவார். கூப்பிட்டவர்கள் பெண்ணைப் பெற்ற அம்மாக்கள். யாருக்கும் தெரியாமல்தான் கூப்பிடுவார்கள்.

"பையன் எப்படின்னு கேக்கக் கூடாது கீதா" என்று ஒருமுறை சொன்னார். "எப்படின்னு கேட்டா எல்லாரும் நல்லவன்னுதான் சொல்வாங்க. ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்குன்னு நினைப்பாங்க. அபிப்பிராயம் கேட்டா பொய் வரும். நடக்கிறதைக் கேட்டா அவங்களுக்கே தெரியாம நிஜம் வந்துரும்."

குரோம்பேட்டையில் ஒரு பையனை அப்படித்தான் விசாரித்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் தங்கக்கம்பி என்றார்கள். அக்கா தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் போய், "அந்த வீட்டுத் தம்பி சட்டையெல்லாம் நீங்கதான் போடுறீங்களா, எங்களுக்கும் போடணும்" என்று பேச்சுக் கொடுத்தார். "பொங்கலுக்கு அப்புறம் அந்தத் தம்பி சட்டையே வர்றதில்லம்மா, அவங்கப்பா வேட்டி மட்டும்தான் வருது" என்றார் அவர். பையனுக்கு வேலை போய் மாதக்கணக்காகிவிட்டது. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறமாதிரி போய்க்கொண்டிருந்தான். வேலை போவது குற்றமில்லை. அதை மறைத்துப் பெண் கேட்பது குற்றம்.

பெண் வீட்டார் அக்காவுக்கு நன்றி சொன்னார்களா? ரகசியமாகச் சொன்னார்கள். வெளியே, "ஞானசௌந்தரிதான் கலைச்சு விட்டாங்க" என்று பழியை அவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். 'கல்யாணம் கெடுக்கிறவள்' என்று பெயர் வந்தது. நிச்சயதார்த்தங்களுக்கு அழைப்பு நின்றது. சபையில் கல்யாண விருந்துக்குக் காய் நறுக்கக்கூட அவரைக் கூப்பிடாமல் விட்டார்கள். ஆனால் அடுத்த வரன் வந்ததும் அதே அம்மாக்கள் அவருக்குப் போன் போட்டார்கள். இவர்களை என்னவென்று சொல்வது?

இதையெல்லாம்தான் அக்கா எழுதினார். ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி, ஒவ்வொரு விசாரணையையும் ஒரு அத்தியாயமாக. முதல் அத்தியாயம் அவருடைய கல்யாணம். தலைப்பு 'விசாரித்த வரையில்'. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான்தான் முதலில் படித்தேன். படித்துவிட்டுச் சாப்பிட முடியாமல் டப்பாவை மூடினேன். இதை வைத்துப் பத்துப் பெண்ணாவது தப்பிப்பாள் என்று தோன்றியது.

பெரிய பதிப்பகங்கள் இரண்டுக்கு அனுப்பினார். ஒரு வருடமாகப் பதில் இல்லை. அப்போதுதான் கேம்ப் ரோட்டில், ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில், ஏழாம்படி பதிப்பகம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. மாதிரிக்கு முதல் இரண்டு அத்தியாயத்தை அனுப்பினார். இரண்டே நாளில் அதன் உரிமையாளர் சக்திவேல் கூப்பிட்டுவிட்டார்.

"மேடம், படிச்சு முடிச்சதும் என்னால பேச முடியல. இதை நாங்கதான் போடுறோம். நீங்க ஒரு பைசா தர வேணாம்" என்றார். மறுநாளே ஒப்பந்தமும் அனுப்பிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அக்கா, "இரு, விசாரிக்கலாம்" என்றார். மகளுக்கு வரன் வந்தபோது எந்த முகத்தோடு இருந்தாரோ அதே முகம்.

அந்தப் பதிப்பகத்தின் முகநூல் பக்கத்தைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்க விழாப் படங்கள். மேடை, பூச்செண்டு, பொன்னாடை, வண்ணக் காகிதம் சுற்றிய புத்தகத்தைப் பிரிக்கிற கைகள். பின்னால் அடுக்குமாடி வீடு விற்கிற கம்பெனியின் விளம்பரத் தட்டி. மேடையில் எழுத்தாளரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஓரமாக நின்றுகொண்டிருப்பார்.

அங்கே புத்தகம் போட்ட ஜெரோம் என்பவருக்கு முதலில் போன் செய்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"நம்ம குடும்பத்துல ஒருத்தர் மாதிரி பாத்துக்குவாங்க சிஸ்டர். தைரியமா குடுங்க."

"சந்தோஷம் சார். உங்க புத்தகம் எனக்கு ஒண்ணு வேணும். எந்தக் கடையில கிடைக்கும்?"

"கடையா? எதுக்கு? என்கிட்டயே இருக்கு. கூரியர்ல அனுப்பிடறேன்."

அடுத்து ஜெரூஷா என்று ஒரு கல்லூரி ஆசிரியை. கவிதைப் புத்தகம் போட்டவர். "ரொம்ப நல்ல மனுஷங்க. ஃபங்ஷன் எவ்ளோ கிராண்டா பண்ணினாங்க தெரியுமா" என்று ஆரம்பித்து மண்டபம், சாப்பாடு, வந்த பிரமுகர் எல்லாவற்றையும் சொன்னார். புத்தகம் எங்கே கிடைக்கும் என்று அக்கா கேட்டார். அவரும் சொன்னார்: "என்கிட்டயே இருக்கு, தரேன்."

போனை வைத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் கல்யாண நாளைப் பத்தியே பேசுறாங்க கீதா. அதுக்கு அப்புறம் குடும்பம் நடந்ததான்னு ஒருத்தரும் சொல்லல" என்றார்.

இவர் விசாரித்து முடிப்பதற்குள் சக்திவேல் அழைப்பிதழே அடித்துவிட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கூட இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தது. அக்காவின் முகநூல் படத்தை எடுத்து, முகத்தை வெள்ளைவெளேரென்று ஆக்கி, கீழே 'இல்லற வாழ்வின் இனிமையை எடுத்துரைக்கும் ஒப்பற்ற நூல்' என்று போட்டிருந்தார். இல்லற வாழ்வின் இனிமை. அடி வாங்கினவளின் புத்தகத்துக்கு. படித்து முடித்ததும் பேச முடியவில்லை என்றாரே, எதைப் படித்தார்? வாழ்த்துரை வழங்குகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர், சபைச் செயலாளர் எலியேசர். ஆமாம், அதே எலியேசர். இப்போது சபையின் செயலாளர். உள்ளூர்ப் பெரியவர் யாராவது மேடைக்கு வேண்டும் என்று சக்திவேல் அவரைப் பிடித்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையே எலியேசர் சபையில் அறிவிப்பும் செய்துவிட்டார். பல வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்களெல்லாம் அக்காவின் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அக்காவுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் புதுப் புடவையில் வந்தார்.

"இன்னும் ஒருத்தரை நேர்ல பாத்துட்டா போதும்" என்றார் ஆனாலும்.

அந்த ஒருத்தர் கோவளத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற ஷாகுல். மீனவக் குடும்பங்களை வைத்து ஒரு நாவல் எழுதியவர். போனில் அவரும், "தங்கமான மனுஷன்மா, கண்ண மூடிக்கினு குடுக்கலாம்" என்றுதான் சொல்லியிருந்தார். சனிக்கிழமை அரை நாள் லீவில் கேளம்பாக்கம் வழியாகப் பேருந்து பிடித்துப் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மீன் வாசனை. கடையில் ஷாகுல் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ சொன்னார். மனிதர் நல்லவர்தான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

பெயிண்ட் கலக்குகிற மெஷின் ஓடி நிற்கும்வரை அக்கா காத்திருந்தார். "உங்க நாவல் வந்து எவ்வளவு நாளாச்சு பாய்?"

"ஆச்சு, போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

"முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் படிச்சுட்டு உங்ககிட்ட பேசினது எப்போ?"

ஷாகுல் ஒரு டப்பாவின் மூடியைத் தட்டி இறுக்கினார். "அப்படி யாரும் பேசலம்மா" என்றார். "எப்படிப் பேசுவாங்க? விழாவுக்கு வந்தவங்க வாங்கினாங்க. எல்லாம் சொந்தக்காரங்க. அதோட சரி. அதுக்கு மேல அவர் அடிக்கல."

"கடைக்குப் போடலையா?"

"கடைக்கு இல்ல, லைப்ரரிக்கு இல்ல, புக் ஃபேர்ல இல்ல. கேட்டா, அடுத்த விழா முடியட்டும்ன்றார். அவருக்கு விழாதான் பொழப்பு. விளம்பரத் தட்டி வைக்கிறவங்க காசு தர்றாங்க, பொன்னாடை போத்திக்கிறவங்க தர்றாங்க. புக்கு இன்னாத்துக்கு? அது இருந்தாத்தான் விழா, அவ்ளோதான்."

"வேற யாராவது போடறேன்னு கேட்டாங்களா?"

"மதுரையிலேர்ந்து ஒருத்தர் கேட்டார். நல்ல பதிப்பகம். குடுக்க முடியலயே. பத்து வருஷத்துக்கு வேற யாருக்கும் தரக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கி வெச்சிகினு கீறார்."

அதுவரை பொறுத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. "இதை ஏன் சார் போன்லயே சொல்லல?" என்று கேட்டேன். "தங்கமான மனுஷன்னு சொன்னீங்களே, உங்களுக்கே இது நியாயமா இருக்கா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். "இன்விடேஷன் பாத்தேன்மா. அவ்ளோ சந்தோஷமா ஒரு நல்ல காரியம் நடக்கப்போவுது. நாம எதுக்குக் குறுக்க நிக்கணும்னு…" என்று முடிக்காமல் விட்டார்.

சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உங்க நாவல் ஒண்ணு குடுங்க பாய், நான் படிக்கிறேன்" என்றார். ஷாகுல் கடைக்குப் பின்னால் போய் எடுத்து வந்து, சட்டையில் தூசி துடைத்துக் கொடுத்தார். தெரியாத முதல் வாசகி. எனக்கு அவர்மேலும் கோபம், அக்காமேலும் கோபம்.

திரும்பும்போது பேருந்தில் பொரிந்து தள்ளினேன். படித்தவர்கள், எழுதுகிறவர்கள், உண்மையைச் சொல்வதற்கென்றே பேனா பிடித்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் குழியில் விழுந்தவர்கள். மேலே நடந்து வருகிறவளிடம் ஒருவர்கூடப் பார்த்து வா என்று சொல்லவில்லை. இது என்ன மரியாதை, இது என்ன நல்ல மனசு? அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கேளம்பாக்கம் தாண்டியதும் பேசினார்.

"எங்க சபையில கல்யாணத்துக்கு முன்னாடி ஓலை வாசிப்பாங்க, தெரியுமா கீதா?"

தெரியாது என்றேன். புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் அது இல்லை.

"இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு சபைப் போதகர் ஐயர் ஆராதனையில வாசிப்பார். மூணு ஞாயிறு வாசிப்பார். எனக்கும் வாசிச்சாங்க. குடிச்சு விழுந்து கிடந்த மனுஷனைத் தூக்கிட்டுப் போய் வீட்டுல விட்டவங்க, வாந்தி எடுத்ததைக் கழுவினவங்க, எல்லாரும் உக்காந்திருந்தாங்க. மூணு ஞாயிறும் ஒருத்தரும் எந்திரிக்கல."

அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. அட்மிஷன் விவரம் சொல்கிற குரல்தான்.

"மூணாவது ஓலை முடிஞ்ச அப்புறம் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. எங்கப்பாகிட்ட சொன்னாங்க. நான் உள் ரூம்ல கல்யாணப் பத்திரிகையைக் கவர்ல போட்டுகிட்டு இருந்தேன். காதுல விழுந்துச்சு. அப்பா, 'ஓலை வாசிச்சாச்சேம்மா, பத்திரிகை கொடுத்தாச்சே'ன்னார். நானும் எதுவும் சொல்லல. கவர்ல போட்டுகிட்டே இருந்தேன்."

தாம்பரத்தில் இறங்கியதும் அக்காவின் கைப்பையை நான் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கேம்ப் ரோட்டு மாடிக்குப் போனோம். அறையில் புத்தகங்களை விடக் கேடயங்கள்தான் அதிகம் இருந்தன. அக்கா ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தார். "பத்து வருஷம்னு இருக்கே தம்பி. கடைக்கும் நூலகத்துக்கும் போடுவேன்னு எழுதிக் குடுங்க, போடலைன்னா புத்தகத்தை நான் திரும்ப எடுத்துக்கலாம்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

சக்திவேல் சிரித்தார். "மேடம், நம்பிக்கைதானே எல்லாம். இதெல்லாம் எழுதினா நல்லா இருக்காது."

"முதல் அத்தியாயத்துல என்ன வருது தம்பி?"

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "குடும்பம்… ஒரு பொண்ணோட உணர்வுகள்…"

அக்கா ஒப்பந்தத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "வேண்டாம்."

"இன்விடேஷன் போயிடுச்சு மேடம். ஹால் புக் பண்ணியாச்சு. கெஸ்ட்டெல்லாம் வர்றாங்க. இப்ப வேணாம்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

"ஆமா, பத்திரிகை கொடுத்தாச்சு" என்றார் அக்கா. படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு மணி அடித்ததும், சபை வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். என் எதிரேதான் எழுதினார். என் புத்தக வெளியீடு நடக்காது, அந்தப் பதிப்பகத்துக்கு நான் கொடுக்கவில்லை, அழைப்பிதழை யாரும் பொருட்படுத்த வேண்டாம். அவ்வளவுதான். போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. ஏன் சிஸ்டர், என்ன ஆச்சு சிஸ்டர், ஆசீர்வாதத்தைத் தட்டிவிடலாமா, ஜெபம் பண்ணி முடிவெடுத்தீர்களா. ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து வாழ்த்தியவர்கள் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். ஒருத்தராவது அந்தப் பதிப்பகம் என்ன செய்தது என்று கேட்கவில்லை.

பிறகு எலியேசர் எழுதினார். "நானும் கேட்டுப் பார்த்தேன் சிஸ்டர். விசாரிச்ச வரைக்கும் நல்ல பதிப்பகம்தான். எல்லாருக்கும் சொன்ன பிறகு கடைசி நேரத்துல இப்படிச் செய்றது நல்லதில்ல."

அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. போனை என் பக்கம் திருப்பி வைத்தார். நானே படித்தேன். எழுந்துபோய் அந்த ஆளை நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் நிதானமாகத் தட்டினார்.

"என் கல்யாணத்துக்கும் நீங்கதான் விசாரிச்சுச் சொன்னீங்க, அண்ணா. தடை இருந்தா சொல்லுங்கன்னு மூணு ஞாயிறு ஓலை வாசிச்சப்போ முதல் வரிசையிலதான் உக்காந்திருந்தீங்க. இந்தத் தடவை தடையை நானே சொல்லிட்டேன்."

அனுப்பினார். மெசேஜ் விவரத்தில், படித்தவர்களின் பெயர் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தது. பதில் எதுவும் வரவில்லை. அக்கா டப்பாவைத் திறந்து, பாதி எலுமிச்சை சாதத்தை என் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.